காது கொடுத்துக் கேட்கிற வைத்தியம்

'எண்டோஸ்கோப்பி பாத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தம், மலம் எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. ஒண்ணுமே இல்லைங்கறாங்க சார். ஒண்ணும் இல்லேன்னா அப்புறம் ஏன் சார் தினம் வலிக்குது?'

இந்தக் கேள்வி ஒலிக்காத குடும்பம் நம் ஊரில் குறைவு. சாப்பிட்ட அரை மணியில் வயிறு பானை மாதிரி உப்பும். ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று தடவை டாய்லெட். அல்லது மூன்று நாளைக்கு ஒரே தடவை. வெளியூர் பஸ் ஏறுமுன் வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வார்கள். கல்யாணப் பந்தியில் கூட்டுக்கும் பொரியலுக்கும் பயந்து ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டி, 'எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். நோயாளிக்கு நிம்மதி வருவதற்குப் பதில் அவமானம் வருகிறது. 'அப்ப நான் நடிக்கறேன்கறாரா?'

இப்படி வெளியே வந்து நிற்பவர்களுக்காகத் திறந்திருக்கும் கதவுகளில் ஒன்று, காது அக்குபங்சர். காது மடலில் ஐந்தாறு மெல்லிய ஊசிகள். அல்லது ஒரு துண்டு பிளாஸ்திரியில் கடுகு சைஸுக்கு ஒரு விதையை வைத்து ஒட்டி அனுப்புவார்கள். 'தினம் மூணு வேளை அழுத்தி விடுங்க. பத்து சிட்டிங்ல குடல் சரியாயிடும்.' சுவரில் பெரிதாக ஒரு காதுப் படம். அதில் புள்ளி புள்ளியாக இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல்.

சிலருக்குக் குணம் தெரிகிறது என்பது உண்மை. 'பாத்தீங்களா!' என்கிறது ஒரு கட்சி. 'எல்லாம் மனப்பிரமை' என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே அவசரப்படுகின்றன என்பது என் கட்சி. விளக்குகிறேன்.

முதலில் நோய். இதை 'ஃபங்ஷனல்' கோளாறு என்கிறார்கள். வயிற்றையும் குடலையும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர், கூரை, குழாய் எல்லாம் ஒழுங்கு. எங்கும் விரிசல் இல்லை. ஒயரிங்கில்தான் தகராறு. ஸ்விட்சைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. எண்டோஸ்கோப்பி சுவரைப் படம் பிடிக்கும். ஒயருக்குள் ஓடுவதைப் பிடிக்காது. அதனால் ரிப்போர்ட் நார்மல். ஆனால் வலி நிஜம்.

இந்த நோய்களை வரையறுக்கும் 'ரோம்' அளவுகோலின் நான்காம் பதிப்பு 2016-ல் வந்தது. அதில் இவற்றுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: குடலுக்கும் மூளைக்கும் இடையிலான உறவாடலில் வரும் கோளாறுகள். நம் பாட்டிமார்களுக்கு இது செய்தியே இல்லை. பயந்தால் அவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பொறாமை வந்தால் வயிறு எரியும். பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால் அடிவயிறு கலங்கும். மூளைக்கும் வயிற்றுக்கும் ஒயர் போயிருக்கிறது என்பதைத் தமிழ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

33 நாடுகளில் 73,000 பேருக்கு மேல் விசாரித்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இணையம் வழியாகப் பதில் சொன்னவர்களில் பத்துக்கு நாலு பேருக்கும், வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டவர்களில் பத்துக்கு இரண்டு பேருக்கும் இந்த வகைக் கோளாறு ஏதாவது ஒன்று இருந்தது. நேரில் வந்து கேட்டால் பாத்ரூம் விஷயத்தை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? எப்படிப் பார்த்தாலும் இது பெரிய கூட்டம். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் வாழ்க்கையைக் கெடுக்கிற நோய் உள்ள கூட்டம். வைத்திய வியாபாரத்துக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர்கள் கிடைக்கமாட்டார்கள்.

இனி, அந்தக் காதுப் படம்.

'ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான சீனக் காது வைத்தியம்' என்று நோட்டீஸில் போட்டிருக்கும். காதைப் பற்றிச் சீனப் பழைய நூல்களில் குறிப்புகள் உண்டுதான். ஆனால் சுவரில் தொங்குகிற அந்த மேப் பிரான்ஸ் சரக்கு. லியோன் நகரத்து டாக்டர் பால் நோஜியே, 1950-களின் தொடக்கத்தில், தன்னிடம் வந்த சிலருடைய காதில் ஒரே இடத்தில் சூடு போட்ட தழும்பைப் பார்த்தார். விசாரித்ததில், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்காக நாட்டு வைத்தியம் செய்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. வலி போய்விட்டது என்றார்கள். நோஜியே யோசித்தார். காது மடலை உற்றுப் பார்த்தால், கர்ப்பத்தில் தலைகீழாகச் சுருண்டு கிடக்கும் சிசு மாதிரி இல்லை? மடலின் தொங்கு சதை தலை. மேல் விளிம்புப் பக்கம் கை கால்கள். நடுக் குழியில் வயிறு, குடல் வகையறா. ஆக, காதில் அந்தந்த இடத்தைத் தொட்டால் உடம்பில் அந்தந்த உறுப்புக்குச் சேதி போகும்.

இதை 1957-ல் ஒரு ஜெர்மன் அக்குபங்சர் பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்த வருஷமே சீனாவில் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் புள்ளிகளையும் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். பிறகு அது 'பழமையான சீன வைத்தியமாக' உலகத்துக்கு ஏற்றுமதியானது. 1990-ல் உலக சுகாதார நிறுவனம் லியோனில் கூட்டம் போட்டு, புள்ளிகளின் பெயர்களை ஒழுங்குபடுத்த முயன்றது. பெயர் வைப்பதற்கான கூட்டம் அது. பலிக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதற்கான கூட்டம் இல்லை. நோட்டீஸ் அச்சடிக்கும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

காது சிசு மாதிரி இருக்கிறது என்பது அழகான கற்பனை. ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதாலேயே இரண்டுக்கும் தொடர்பு வந்துவிடாது. உள்ளங்காலில் ஒரு முழு உடம்பு மேப் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் ஒன்று. கண்ணின் கருவிழியில் ஒன்று. நம் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் அட்டவணை இருக்கிறது. உடம்பில் எந்த இடம் என்றாலும் பதில் தயார். மேப் போடுவது சுலபம். அதன்படி நடந்தால் ஊர் வந்து சேருகிறதா என்பதுதான் சோதனை.

சோதனைகளும் நடந்திருக்கின்றன. 1980-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 40 நோயாளிகளைப் போர்வையால் மூடி, காதை மட்டும் காட்டி, உடம்பில் வலி எங்கே என்று ஒரு டாக்டரைச் சொல்லச் சொன்னார்கள். முக்கால்வாசி சரியாகச் சொன்னார். காது கட்சிக்காரர்கள் இன்றும் இதைக் கொடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். 1984-ல் வலி ஆராய்ச்சியில் பெரிய பெயரான ரொனால்ட் மெல்சாக், சக ஆய்வாளர் காட்ஸுடன் சேர்ந்து நாட்பட்ட வலி உள்ள 36 பேரிடம் சிகிச்சையையே சோதித்தார். மேப்படி சரியான புள்ளியைத் தூண்டியதற்கும் சும்மா செய்ததற்கும் வித்தியாசம் இல்லை. இதைக் கொடியில் யாரும் கட்டுவதில்லை.

இதோடு 'ஏமாத்து வேலை' என்று ஃபைலை மூடிவிடலாம் என்று பகுத்தறிவுக் கட்சி எழுந்திருக்கும். கொஞ்சம் உட்காருங்கள்.

காதில் பட்ஸ் விட்டுக் குடையும்போது சிலருக்குத் திடீரென்று இருமல் வரும். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? வேகஸ் என்கிற நரம்பு. மண்டையிலிருந்து புறப்பட்டு, தொண்டை, இதயம், நுரையீரல் என்று வழியில் எல்லோரையும் குசலம் விசாரித்துக்கொண்டு இரைப்பை, குடல்வரை இறங்கும் நீண்ட நரம்பு. அதன் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. அதாவது, மூளை வயிற்றுக்கு உத்தரவு போடுவதைவிட வயிறு மூளைக்கு மனு போடுவது அதிகம். இந்த நரம்பின் ஒரே ஒரு கிளைதான் தோலுக்கு வருகிறது. அது வருகிற இடம் காது. உடற்கூறு நிபுணர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயரால் அதை ஆர்னால்ட் நரம்பு என்பார்கள்.

2002-ல் ஜெர்மனியில் இருவர் ஏழு சடலங்களின் 14 காதுகளை அறுத்து, எந்த நரம்பு எங்கே போகிறது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். காதின் நடுக் குழியில், மேல் பகுதியில், 14 காதிலும் வேகஸ் மட்டுமே இருந்தது. 2015-ல் ஸ்கேனருக்குள் ஆளைப் படுக்கவைத்து அந்த இடத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது, வேகஸ் நரம்பு மூளைத் தண்டில் போய்ச் சேரும் ஸ்டேஷன் விழித்துக்கொண்டது.

நோஜியேயின் மேப்பில் வயிறும் குடலும் எங்கே? அதே நடுக் குழியில். தற்செயலோ, கவனமான பார்வையோ, இந்த ஒரு பேட்டையில் மேப்பும் நரம்பும் ஒத்துப்போகின்றன.

ஆனால் இதற்குக் காது கட்சி கொடுக்க வேண்டிய விலை ஒன்று உண்டு. வேகஸ்தான் காரணம் என்றால் குழி முழுவதும் அதன் ராஜ்யம். அப்போது சிறுகுடலுக்கு இந்தப் புள்ளி, பெருங்குடலுக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அந்தப் புள்ளி என்று அளந்து குத்துவதற்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. நரம்பைக் காட்டி மேப்பை விற்பது, ரயில் ஓடுவதைக் காட்டி ஜோசியத்தை நம்பச் சொல்வதுபோல.

நம் ஊர் பாரம்பரியக் கட்சிக்கும் இதில் சேதி உண்டு. 'அந்தக் காலத்திலேயே காது குத்தினது எதுக்குங்கறீங்க? தோப்புக்கரணம் எதுக்கு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாம் குத்துவதும் பிடித்துக்கொள்வதும் காதின் தொங்கு சதை. அங்கே வருவது கழுத்திலிருந்து புறப்படும் வேறு நரம்பு. வேகஸ் ஆராய்ச்சிக்காரர்கள் 'சும்மா' தூண்டிக்காட்ட ஓர் இடம் வேண்டும் என்றால் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இந்தத் தொங்கு சதையைத்தான். காது குத்துக்கு மொட்டை, மாமன் மடி, கடா விருந்து என்று வேறு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. செரிமானத்தை விட்டுவிடலாம்.

சரி, நரம்பு இருக்கிறது. நோய் குறைகிறதா?

இதுவரை கிடைத்த சாட்சியங்களில் கவனிக்க வேண்டியது ஒரு சிறிய எலெக்ட்ரானிக் கருவி. காதுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, காதைச் சுற்றி மெல்லிய ஊசிகள் வழியாக இலேசான மின்துடிப்பு கொடுப்பது. செயல்பாட்டு வயிற்று வலியால் தவித்த வளரிளம் பருவத்தினர் 115 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நிஜக் கருவி, மற்றவர்களுக்கு மின்சாரம் வராத டம்மி. அந்த ஆய்வில் எரிச்சல் குடல் நோய் இருந்த 50 பேரின் கணக்கை எடுத்துக்கொண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019-ல் 11 முதல் 18 வயதுக்காரர்களுக்கு இதை விற்க அனுமதி தந்தது. மூன்று வாரத்தில் வழக்கமான வலி முப்பது சதவிகிதமாவது குறைந்தவர்கள், நிஜக் கருவியில் 52 சதவிகிதம். டம்மியில் 30 சதவிகிதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருக்கிறது, நல்ல சேதி. பாதிப் பேருக்குப் பலிக்கவில்லை என்பதும் இருக்கிறது. ஒன்றுமே செய்யாத டம்மியே பத்தில் மூன்று பேருக்கு வேலை செய்திருக்கிறது என்பதும் இருக்கிறது. தவிர, இது மின்சாரம். பிளாஸ்திரி விதைக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது. விதையையும் ஊசியையும் வைத்து மலச்சிக்கலுக்கும் அஜீரணத்துக்கும் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான டம்மி இல்லாதவை பல.

சிறிய ஆய்வை நம்பி ஊர்வலம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதே காதில் ஒரு கதை இருக்கிறது. கொக்கைன் பழக்கத்தை விடக் காதில் ஊசி குத்துவது அமெரிக்காவில் பிரபலம். 2000-ல் 82 பேரிடம் நடந்த ஆய்வில் அமோக வெற்றி. 2002-ல் பல ஊர்களில் 620 பேரிடம் செய்தார்கள். காதுப் புள்ளியில் குத்தினாலும், வேறு இடத்தில் குத்தினாலும், குத்தாமல் இயற்கைக் காட்சி வீடியோ போட்டு ஓய்வெடுக்கச் சொன்னாலும் ஒரே பலன்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக்கு வருகிறேன். இது காது அல்ல, உடம்பில் குத்தும் அக்குபங்சர். செய்தவர் ஹார்வர்டின் டெட் காப்சுக். மக்காவில் சீன வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். அதனால் எதிர்க்கட்சிக்காரர் என்று தள்ளமுடியாது. எரிச்சல் குடல் நோயாளிகள் 262 பேரை மூன்றாகப் பிரித்தார். முதல் பிரிவுக்கு வெறும் காத்திருப்பு. இரண்டாவது பிரிவுக்குப் பொய் ஊசி. தோலில் பட்டதும் மேஜிக் கத்தி மாதிரி பிடிக்குள் போய்விடும், உடம்பில் ஏறாது. பேச்சு வார்த்தை ஐந்து நிமிஷத்துக்குள். மூன்றாவது பிரிவுக்கும் அதே பொய் ஊசிதான். ஆனால் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். எப்போதிலிருந்து, எப்படி வலிக்கிறது, வீட்டில் வேலையில் என்ன கஷ்டம், இதற்கு நீங்கள் என்ன காரணம் நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நடுவே நாடியைப் பிடித்துக்கொண்டு இருபது செகண்ட் மௌனமாக யோசித்தார்கள். அந்த இருபது செகண்ட் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

2008-ல் வந்த முடிவு: மூன்று வாரத்தில் 'போதுமான நிவாரணம்' என்றவர்கள், காத்திருந்தவர்களில் 28 சதவிகிதம். பொய் ஊசியில் 44. பொய் ஊசியும் நிஜமான அக்கறையும் சேர்ந்தபோது 62.

அதே நோய்க்கு நிஜ ஊசியைப் பொய் ஊசியோடு ஒப்பிட்டு 2009-ல் வந்த கணக்கில் 41-க்கு 32. புள்ளியியல்படி வித்தியாசம் என்று சொல்லமுடியாத வித்தியாசம். 17 ஆய்வுகளில் 1,806 பேரைச் சேர்த்துப் பார்த்த 2012-ன் காக்ரேன் அலசலும், பொய் ஊசியைவிட நிஜ ஊசி மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது. அதாவது, இந்த நோயில் ஊசி எங்கே குத்துகிறது என்பதைவிட, குத்துகிற ஆள் எவ்வளவு நேரம் கேட்டார் என்பது பெரிய மருந்து.

இதைக் கேட்டதும் 'அப்ப எல்லாம் மனசுதான்னு ஒத்துக்கறீங்க' என்று டாக்டர் கட்சி சிரிக்கவேண்டாம். இது உங்கள் மேல் உள்ள புகார். குடலும் மூளையும் உறவாடுவதில் கோளாறு என்று நீங்களே பெயர் வைத்த நோய் இது. அதில் நோயாளியோடு உறவாடுவது சிகிச்சைக்கு முந்தின மரியாதை இல்லை; சிகிச்சையிலேயே ஒரு பங்கு. காது கிளினிக்கில் அரை மணி படுக்கவைக்கிறார்கள், ஃபேன் போடுகிறார்கள், 'இப்ப எப்படி இருக்கு?' என்று விசாரிக்கிறார்கள், அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உங்கள் வாசலில் டோக்கன் நம்பர். கூட்டம் ஏன் அங்கே போகிறது என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை.

காது கட்சியும் சிரிக்கவேண்டாம். அக்கறையால் வந்த குணத்துக்கு மேப்பின் பெயரில் பில் போடுவது நியாயமில்லை. அதைவிடப் பெரிய தப்பு, 'டாக்டர்கிட்ட போக வேண்டாம், மாத்திரையை நிறுத்துங்க' என்பது. துணை வைத்தியம் என்ற சொல்லில் 'துணை' முக்கியம். துணைக்கு வந்தவர் வண்டியை ஓட்டக்கூடாது.

ஏனென்றால் ஒயரிங் கோளாறு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வேறு நோய்கள் வரும். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, விழுங்குவதில் சிரமம், விடாத வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி அல்லது பேதி, ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக ஆரம்பிக்கும் தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் – இவற்றில் ஒன்று இருந்தாலும் காதைக் காட்டுவதற்கு முன் வயிற்றைக் காட்டுங்கள். பத்து சிட்டிங் முடிவதற்குள் சில நோய்கள் ஒரு ஸ்டேஜ் தாண்டிவிடும்.

பரிசோதனை முடிந்து, டாக்டருக்கும் சொல்லிவிட்டு, அப்புறமும் ஊசிக்குப் போகத் தோன்றினால் போங்கள். ஊசி புதிய பாக்கெட்டிலிருந்து உங்கள் எதிரிலேயே பிரிக்கப்படவேண்டும். காது மடல் குருத்தெலும்பு. ரத்த ஓட்டம் குறைவு. சீழ் பிடித்தால் காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். சர்க்கரை உள்ளவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதை. எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். நான்கைந்தில் ஒன்றும் தெரியாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அதற்கு முன்னால், இதைவிட நல்ல ஆதாரம் உள்ளவற்றை முயன்றீர்களா? மலச்சிக்கல் ரகத்துக்கு இசப்கோல். உப்புசத்துக்கு, மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவு முறை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகளைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது எதிரி என்று கண்டுபிடிப்பது. சாம்பார் தேசத்தில் கஷ்டம்தான்; டயட்டீஷியன் துணையோடு செய்வது உத்தமம். குடலுக்கென்றே ஹிப்னாசிஸ் சிகிச்சை ஒன்று மான்செஸ்டரில் 1984-லிருந்து ஆதாரத்தோடு இருக்கிறது. குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை பலன் தருவதை, இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. மனநோய் மாத்திரையா என்று பயப்படவேண்டாம். இங்கே அது ஒயரிங்குக்கு. கடையில் நீங்களே வாங்காமல் டாக்டர் எழுதித் தந்து சாப்பிடவேண்டியது.

அடுத்த தடவை டாக்டர் 'ஒண்ணும் இல்லை' என்று ரிப்போர்ட்டை நீட்டினால் உடனே எழுந்துவிடாதீர்கள். 'சந்தோஷம் டாக்டர். அப்ப எனக்கு இருக்கறதுக்குப் பேர் என்ன?' என்று கேளுங்கள். அதற்குப் பேர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு இருபது செகண்ட் யோசித்தாரானால், அவரை விடாதீர்கள்.